குடிபூரல்

வீட்டுத்திட்டத்தில கிடைச்ச வீடு.
ரெண்டு அறை, ஒரு ஹோல். கதவு போட மூண்டு வருசம்.
குடிபூரலண்டு
பசுவும் கண்டும் முதல் உள்ள போகவேணும் எண்டார் ஐயர்.
எங்களிட்ட அப்ப பசு இல்லை.
இருந்ததுகளை, இருபத்தாறையும்,
ஓடுற நேரம் கயிறறுத்து விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள்.
பால்மா கரைச்சு அடுப்பில வைச்சன்.
அது பொங்கேல்லை. அடிப்பிடிச்சது.

பிறகு நிவாரணத்தில ஒரு நாகு வந்தது.
ஒண்டு நாலாகி, நாலு பதினொண்டாகி
பட்டி திரும்பவும் பட்டி மாதிரி மணக்கத் தொடங்கிச்சுது.
வெயிலோ மழையோ மாடு வெளியில,
மோட்டச்சைக்கிள் மட்டும் இரவில உள்ள.
அதை ஏத்தவெண்டு படியோரம் இவர் ஒரு சாய்வு கட்டி
சீமெந்து பூசினவர்.
எண்ணெய் ஒழுகி நிலம் கறுத்தும்
ஒருத்தரும் மூக்கைப் பொத்தினதில்லை.

மார்கழி. நாலு நாள் விடாத மழை.
மழை எங்களுக்குப் புதிசில்லை,
அந்தக் குளிர் புதிசு.
வாளித்தண்ணி கையைக் கடிச்சுது.
ஒலுமடுவில இருந்து அரியமலர் போன் எடுத்தாள்:
"நிண்ட நிலையில விழுகுதுகளடி.
வாயில வைக்கோல் அப்பிடியே இருக்கு."
அவள் அழேல்லை.
சார்ஜ் இல்லை எண்டு வைச்சிட்டாள்.

இவர் சைக்கிளை உருட்டி மழைக்குள்ள விட்டார்.
துளசிகா கதிரைகளை அறைக்குள்ள அடுக்கினாள்.
ஹோலுக்குள்ள அஞ்சு கொள்ளும்.
பதினொண்டில அஞ்சு.
ரோச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு
பட்டி வாசலில நிண்டன்,
இடாப்புக் கூப்பிட வந்த ரீச்சர் மாதிரி.
நரைச்சி, அவளின்ர கண்டு.
சினைமாடு.
இருமலோட நிண்ட கறுவல் நாகு.
அஞ்சாவதுக்குத்தான் கை நடுங்கிச்சுது.
கிழட்டு எருது தலையை நிமித்தி என்னைப் பாத்தது.
நான் அதுக்குப் பக்கத்தில நிண்ட
நாம்பனின்ர கயித்தைப் பிடிச்சன்.
விக்கலாம் எண்ட கணக்கு. வேறொண்டுமில்லை.
மிச்சம் ஆறுக்கும்
முகாமில இருந்து கொண்டுவந்த தறப்பாளைக் கட்டி,
சாக்குப் போட்டு, ஈரவிறகில புகை மூட்டினம்.

உள்ள,
சாமிப்படத்துக்குக் கீழ சாணம் போட்டாள் நரைச்சி.
அஞ்சு மூச்சில சுவர் வேர்த்தது.
கட்டின நாளில இருந்து
அண்டைக்குத்தான் இந்த வீடு சூடாயிருந்தது.
துளசிகா கண்டில முதுகைச் சாய்ச்சுக்கொண்டு
சோதனைக்குப் படிச்சாள்,
நரைச்சி அவளின்ர பின்னலை நக்கிக்கொண்டு நிண்டாள்.
"இண்டைக்குத்தான் குடிபூரல்" எண்டார் இவர்.
சிரிச்சம். கொஞ்சம்.

விடிய,
வெளியில மூண்டு சரிஞ்சு கிடந்தது.
கிழட்டு எருது நிண்டது,
தறப்பாளைத் தோளில போட்டபடி
சபைக்கு வந்த ஆள் மாதிரி.
உள்ள, கண்டு செத்துப்போச்சு.
தன்ர பக்கம் இன்னும் சூடாயிருக்கெண்டு
துளசிகா எழும்பமாட்டன் எண்டாள்.

வீட்டுக்குள்ள செத்தால் துடக்கோ எண்டு
ஐயரைக் கேட்டம்.
பாத்துச் சொல்லுறன் எண்டவர்
இன்னும் பாக்கிறார்.
கிராம சேவகர் தாள் கொண்டுவந்தார்:
இறந்தது எத்தினை, காதுத்தகட்டு இலக்கம் என்ன.
கண்டுக்கு இன்னும் தகடு குத்தேல்லை.
செத்த இடம் எண்ட கட்டத்தில
இவர் "வீடு" எண்டு எழுத,
அவர் வெட்டிப்போட்டு "பட்டி" எண்டு எழுதினார்.

மஞ்சள்தண்ணி மூண்டு வாளி ஊத்தினன்.
சைக்கிள் திரும்ப உள்ள வந்திட்டுது.
பின்னேரம் மாடுகள் வரேக்க
நரைச்சி மட்டும் பட்டிக்குப் போறதில்லை.
சாய்வில முன்னங்கால் ரெண்டையும் வைச்சு
ஹோலுக்குள்ள பாத்துக்கொண்டு நிப்பாள்.
"போ" எண்டு சொல்ல வாய் திறப்பன்.
பிறகு, தவிடு எடுக்கப் போற மாதிரி
பின்கதவால போயிடுவன்.